டிஃபெண்டரை நிரந்தரமாக அணைக்க ஒரு வழி சொல்லுங்களேன்!

கேள்வி: கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். விண்டோஸ் 11, 16 ஜிபி ராம். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் படம் வரும். லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஏற்றும்போதெல்லாம் டாஸ்க் மேனேஜரில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்று ஒன்று உச்சியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரியல்-டைம் புரொடெக்‌ஷனை அணைத்தால் வேலை ஓடுகிறது, ஆனால் அது தானாகவே திரும்ப ஆன் ஆகிவிடுகிறது. நிரந்தரமாக அணைக்க என்ன வழி? (ஆல்பம் டிசைனர், காரைக்குடி)

பதில்: வழி இருக்கிறது, நான் சொல்லப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள், உங்கள் வேகத்துக்கு வேறு வழி வைத்திருக்கிறேன்.

உச்சியில் உட்கார்வது வைரஸ் இல்லை, விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர்தான். நீங்கள் எந்த ஃபைலைத் திறந்தாலும், அந்தக் கோரிக்கை டிஸ்க்குக்குப் போகிற வழியில் டிஃபெண்டரின் ஃபில்டர் டிரைவர் ஒன்று நிற்கிறது. கொஞ்சம் இரு என்று நிறுத்தி, உள்ளே பார்த்து, சந்தேகம் இல்லையென்றால் விடுகிறது. நீங்கள் அணைக்கும் ரியல்-டைம் சோதனை இதுதான். ஒன்றிரண்டு ஃபைல் என்றால் நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் லைட்ரூம் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் முன்னோட்டப் படங்களைத் தயாரித்து, படங்களின் விவரங்களை வைத்திருக்கும் கேட்டலாக் ஃபைலுக்குப் பக்கத்திலேயே 'பிரிவ்யூஸ்' என்ற சொல் பெயரில் வரும் ஃபோல்டரில் போட்டுக்கொண்டே இருக்கும், எழுதும், படிக்கும், மறுபடி எழுதும், அத்தனை தடவையும் இந்தச் சோதனை நடக்கிறது. டிஸ்க் பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால் முதலில் அது எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஸ்டார்ட்டில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்து, டிஸ்க் டேபில் எம்எஸ்எம்பிஇஎன்ஜி (MsMpEng.exe) என்பதை டிக் செய்யுங்கள். டிஃபெண்டரின் புரோகிராம் பெயர் அதுதான். படம் ஏறும்போது அது எந்த ஃபோல்டரைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது என்று கீழேயே வரிசையாக ஓடும். பெரும்பாலும் நான் சொன்ன பிரிவ்யூஸ் ஃபோல்டராக இருக்கும், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், அதற்குத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ஃபோல்டர் தெரிந்துவிட்டதா, சரி. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், பக்கத்தின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது சோதிக்க வேண்டாம் என்று விலக்கி வைக்கும் பட்டியல். அங்கே அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் சேருங்கள். கேமரா கார்டில் இருந்து படம் வந்து இறங்கும் ஃபோல்டரையோ டவுன்லோட்ஸையோ சேர்க்காதீர்கள், வெளியிலிருந்து எது வருகிறதோ அந்த வாசலில்தான் காவல் வேண்டும். இப்படிச் சொல்கிற நானே ஒரு காலத்தில் சோம்பேறித்தனமாக டி டிரைவ் மொத்தத்தையும் விலக்கி வைத்துவிட்டு, அதை அடியோடு மறந்துபோய், எட்டு மாதம் அதிலேயே டவுன்லோட் செய்துகொண்டிருந்தவன்.

அதே இடத்தில் 'புராசஸ்' என்றும் ஒரு வகை இருக்கும். அதில் லைட்ரூமைச் சேர்த்தால் லைட்ரூமையே சோதிக்காமல் விட்டுவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை, லைட்ரூம் திறக்கிற ஃபைல்களைத்தான் விட்டுவிடும், அவை எந்த டிரைவில் இருந்தாலும் சரி. ஃபோல்டரை விட இது ரொம்ப அகலமான ஓட்டை. ஃபோல்டரை விலக்கியும் பலன் இல்லை என்றால் மட்டும் இதைத் தொடுங்கள்.

டிஃபெண்டர் எடுத்துக்கொள்ளும் சிபியூ வரம்பைக் குறைத்தால் போதும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இயல்பாக அது 50 சதவீதம் என்று இருக்கும், ஆனால் அது நேரம் குறித்து நடக்கும் ஸ்கேனுக்கான வரம்பு, ரியல்-டைமுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. படம் ஏற்றாத நேரத்திலும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கினால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

தானாக ஆன் ஆகிறதே என்று அலுத்துக்கொண்டீர்கள். அது வேண்டுமென்றே வைத்தது. 'டேம்பர் புரொடெக்‌ஷன்' என்று இன்னொரு பொத்தானும் அதே பக்கத்தில் இருக்கும், அது ஆனில் இருக்கும்வரை எந்த வைரஸும் உங்களுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாக டிஃபெண்டரை அணைப்பது கஷ்டம். நிரந்தரமாக அணைக்க வேண்டுமென்றால் முதலில் அதை எடுக்க வேண்டும், அப்புறம் உங்களுக்குத் திறந்த கதவு எல்லாருக்கும் திறந்த கதவு. நாலாயிரம் படத்தையும் ஒரு ரான்சம்வேர் (பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்) பூட்டிவிட்டால், மாப்பிள்ளை வீட்டில் போய் இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியுமா? தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, எடுத்த கையோடு அதைக் கழற்றியும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது பென்டிரைவாவது வரும். ஆன்டிவைரஸ் ஏதோ பிடித்து அழித்தது, உடனே வாடிக்கையாளரின் ஃபோல்டர்களையும் காணோம். நான்தான் அழித்துவிட்டேன் என்று சண்டைக்கு வருகிறார். (கடைக்காரர், திண்டுக்கல்)

பதில்: அழியவில்லை, ஒளிந்திருக்கிறது. இது ஷார்ட்கட் வைரஸின் பழைய வேலை. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கும். ஃபோல்டர் என்று நினைத்து அதை டபுள் கிளிக் செய்தால் வைரஸ் ஓடும், கூடவே ஃபோல்டரும் திறக்கும், அதனால் சந்தேகமே வராது. ஆன்டிவைரஸ் அந்த ஷார்ட்கட்டுகளைத்தான் அழித்தது, மறைத்ததைத் திருப்பிக் காட்டுவது அதன் வேலையில் சேராது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் உள்ள டிக்கையும் எடுங்கள், எல்லாம் வந்துவிடும். இந்த இரண்டாவது டிக்கை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் பென்டிரைவை ஃபார்மட் செய்கிறார்கள்.

ரியல்-டைம் ஸ்கேன் பென்டிரைவுக்கும் உண்டு, ஆனால் செருகிய உடனே மொத்தத்தையும் துழாவாது, ஃபைலைத் தொடும்போதுதான் பார்க்கும். 'ஃபுல் ஸ்கேன்' கொடுத்தாலும் இயல்பான அமைப்பில் பென்டிரைவ் அதில் சேராது. டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுப்பதுதான் உங்கள் கடைக்குச் சரி.

கேள்வி: லேப்டாப்போடு இலவசமாக வந்த ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது. டிஃபெண்டரும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும் என்று விடலாமா? இரண்டு பூட்டு நல்லதுதானே? (கல்லூரி மாணவி, நெல்லை)

பதில்: ஒரே ஃபைலை இரண்டு காவல்காரர்கள் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? அதனால்தான் வேறு ஆன்டிவைரஸ் வந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்கிறது. காலாவதியானதை நீக்கிவிடுங்கள், முழுசாகப் போகவில்லை என்றால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே நீக்குவதற்கென்று ஒரு கருவி கிடைக்கும். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியின் செட்டிங்ஸில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' திறந்து, டிஃபெண்டர் ஆன் என்று காட்டுகிறதா பாருங்கள். இந்த வகை மென்பொருள்கள் விண்டோஸின் ஆழத்தில், கெர்னலில் போய் உட்காருபவை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் விழுந்தது அதனால்தான். ஒன்று போதும்.

கேள்வி: ரியல்-டைம் ஸ்கேன் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று வைரஸ் இல்லாமல் சோதிக்க முடியுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: முடியும். ஐகார் சோதனை ஃபைல் என்று ஒன்று உண்டு. வெறும் 68 எழுத்துகள், யாருக்கும் தீங்கு செய்யாது, ஆனால் இதைக் கண்டால் கத்த வேண்டும் என்று ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. ஐகார் அமைப்பின் தளத்தில் அந்த வரி இருக்கும், நோட்பேடில் ஒட்டி டெஸ்க்டாப்பில் சேமித்துப் பாருங்கள், சில நொடிகளில் அறிவிப்பு வந்து ஃபைல் காணாமல் போக வேண்டும். போகவில்லை என்றால் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஏதாவது அங்கே இருந்தால் அது வேறு கதை, சில வைரஸ்கள் உள்ளே வந்ததும் செய்கிற முதல் வேலையே தன் ஃபோல்டரை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதுதான்.

காரைக்குடி நண்பரும் இதைச் செய்து பார்க்கலாம். முதலில் டெஸ்க்டாப்பில், அடுத்து அந்த பிரிவ்யூஸ் ஃபோல்டரில். இரண்டாவது இடத்தில் ஒரு சத்தமும் வராது.