பட்ஜெட் கிராபிக்ஸ் கார்டு: கேளுங்க, பதில் சொல்கிறேன்

கே: ஜிடி 1030 வாங்கலாமா?
கேம் ஆடவா? வேண்டாம். அதிலும் ஒரே பெயரில் இரண்டு இருக்கிறது, மெமரி வகைதான் வேறு. ஜிடிடிஆர்5 மாடலில் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 மாடலில் 17 கூட வராது. பெட்டியில் சின்ன எழுத்தையும் படியுங்கள்.

கே: பழைய ஆபீஸ் பிசி, பவர் சப்ளையில் கார்டுக்குத் தனி கேபிள் இல்லை.
போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் வரை கிடைக்கும், அதற்குள் அடங்கும் கார்டுதான் உங்களுக்கு. ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்தான், சரியாக இருக்கும். இங்கேயும் அதே பெயர் விளையாட்டு: 3050 8 ஜிபி 130 வாட் கேட்கும், கேபிள் இல்லாமல் ஓடாது. வேகம் அதில்தான் அதிகம், அது வேறு விஷயம். கேபினெட் ஒல்லியாக இருந்தால் லோ புரொபைல் (உயரம் குறைந்த) மாடலாகப் பார்த்து எடுங்கள்.

கே: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாக வருகிறது, என் போர்டு பிசிஐஇ 3.0 (கார்டு ஸ்லாட்டின் பழைய தலைமுறை).
விட்டுவிடுங்கள். அதற்கு இருப்பது நாலே லேன் (டேட்டா போகும் பாதை), மெமரியும் 4 ஜிபி. மெமரி நிரம்பியதும், 4.0-ல் பாதி வேகமே உள்ள உங்கள் 3.0 பாதையில் பிசியின் ரேமுக்கு ஓடி ஓடித் திக்கும். கேமைப் பதிவு செய்ய உதவும் வீடியோ என்கோடரும் கிடையாது.

கே: கார்டில் 8 ஜிபி மெமரி போதுமா?
1080பி (ஃபுல் எச்டி) திரைக்குப் போதும், புது கேம்களில் டெக்ஸ்சரை (பரப்புகளின் பட நுணுக்கத்தை) ஒரு படி இறக்குங்கள்.

கே: 8 ஜிபி எல்லாம் குப்பை சார், ஏன் ஆளை ஏமாற்றுகிறீர்கள்?
ஆர்எக்ஸ் 6600 8 ஜிபிதான், அதில் நிம்மதியாக ஆடுகிறவர்கள் ஏராளம்.

கே: அல்ட்ராவில் (உச்ச கிராபிக்ஸ் செட்டிங்கில்) ஓட்டிப் பாருங்கள், தெரியும்.
பட்ஜெட் கார்டு வாங்குகிறவர் எதற்கு அல்ட்ராவில் ஓட்ட வேண்டும்? ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன், மெமரி மிச்சம் இருந்தால் டெக்ஸ்சரை ஏற்றினாலும் பிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) பெரிதாக விழாது. அதனால் விலை பக்கத்தில் இருந்தால் 12 ஜிபி இன்டெல் ஆர்க் பி580 எடுக்கலாம், ஆனால் போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இருந்தே ஆக வேண்டும், பழைய பிராசஸரோடு அது சோர்ந்துபோகும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-யை 8 ஜிபி, 16 ஜிபி என ஒரே பெயரில் விற்கிறார்களே, அதற்குக் கோபப்படுங்கள், நானும் வருகிறேன்.

கே: ஜிடி 1030 எப்படி?
மேலே படிங்க.

கே: லேப்டாப்புக்கு எது போடலாம்?
எதுவும் போட முடியாது, பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கும்.

கே: செகண்ட் ஹேண்டில் 1050 டிஐ, விஜிஏ (பழைய மானிட்டர்களின் அனலாக் இணைப்பு) போர்ட்டோடு.
சந்தேகப்படுங்கள். அந்தத் தலைமுறை சிப்பில் அனலாக் அவுட்புட்டே கிடையாது, பழைய ஜிடிஎஸ் 450-க்குப் பயாஸ் (கார்டின் உள் மென்பொருள்) மாற்றி அந்தப் பெயரில் விற்பவர்கள் உண்டு. காசு கொடுக்கும் முன் ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.