மூன்று நாள் ஜூஸ், இரண்டரைக் கிலோ

கேள்வி: எனக்கு வயது 41. தனியார் பள்ளியில் ஆசிரியை. ஐந்து மாதத்தில் 78 கிலோவிலிருந்து 69.5 கிலோவுக்கு வந்தேன். அரிசிச் சோற்றைக் குறைத்துச் சிறுதானியத்துக்கு மாறினேன், தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். ஆனால் கடந்த ஏழு வாரமாக எடை அசையவே இல்லை. எங்கள் பள்ளியில் இன்னொரு ஆசிரியை மூன்று நாள் ஜூஸும் சூப்பும் மட்டும் குடித்து இரண்டரைக் கிலோ குறைந்தார். நின்றுபோன எடையை மறுபடி இறக்க இதுதான் வழி என்கிறார். நானும் இருக்கலாமா? சர்க்கரைக்கு மாத்திரை போடும் என் அம்மாவும் (66) கூடவே இருக்கிறேன் என்கிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அம்மா இதில் சேர வேண்டாம், ஒரு நாள்கூட வேண்டாம். அவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை என்றால், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். வயிறு காய்ந்து கிடக்கும் நாளில் சர்க்கரை மளமளவென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பிப்போகலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால் ஆபத்து வேறு மாதிரி. பட்டினி கிடக்கும்போது, உடம்பு கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை அவ்வளவு அதிகமாகக் காட்டாது என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம்கூட வராது. மகள் பட்டினி கிடந்தால் தானும் கிடக்கிறேன் என்பது அம்மாக்களின் பாசம். அந்தப் பாசத்தோடு அவரைச் சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போங்கள், அது போதும்.

சரி, இப்போது உங்கள் விஷயம்.

உங்கள் பள்ளி ஆசிரியை பொய் சொல்லவில்லை. மூன்று நாளில் இரண்டரைக் கிலோ குறைவது சாதாரணமாக நடப்பதுதான். குறைந்தது என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். உங்களைப் போன்ற ஒருவருக்கு நாளுக்கு 1,800 கலோரி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூஸிலும் சூப்பிலும் 600 கலோரி போகிறது. மிச்சம் 1,200. மூன்று நாளைக்கு 3,600. அதாவது, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் இருந்தாலும் கரையக்கூடிய கொழுப்பு அரைக் கிலோவைத் தொடாது.

மீதி இரண்டு கிலோ பெரும்பாலும் தண்ணீர். நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தியில் உள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைக்கிறது. முழு இருப்பு அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துவைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் உடம்பு முதலில் கைவைப்பது இந்த இருப்பில்தான். கிளைகோஜன் தீரத் தீர அதோடு இருந்த தண்ணீரும் சிறுநீராகப் போகிறது. சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் நின்றதால் உப்பு குறைந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். குடலில் எப்போதும் இருக்கும் உணவுச் சக்கையும் மூன்று நாளில் குறைந்துவிடும். நாலாம் நாள் காலை எடை பார்த்தால் மனசு குளிரத்தான் செய்யும். அந்த ஆசிரியையைப் பத்தாம் நாளும் எடை பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் சோறும் உப்பும் திரும்பியிருக்கும், போன தண்ணீரில் பெரும்பகுதியும் திரும்பியிருக்கும்.

எனக்கு இதில் கவலை தருவது அந்தப் பத்தாம் நாள்தான். மூன்று நாள் பசித்துக் கிடந்து, எடை பழைய இடத்துக்கே வந்ததைப் பார்க்கும்போது, 'என் உடம்பு வாகே இப்படித்தான், இனி ஒன்றும் ஆகாது' என்று ஐந்து மாத உழைப்பையே விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

திரவ உணவே மோசம் என்றும் நான் சொல்லவில்லை. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக்கேல் லீன் என்ற இரு பேராசிரியர்கள் தலைமையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. ஆறு ஆண்டுக்குள் சர்க்கரை நோய் வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு, நாளுக்கு சுமார் 850 கலோரி தரும் ஊட்டச்சத்து பானம் மட்டும் 3 முதல் 5 மாதம் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. பெரிய சாதனைதான். ஆனால் அந்தப் பானத்தில் புரதம், விட்டமின், தாதுச்சத்து எல்லாம் அளந்து சேர்க்கப்பட்டிருந்தது. முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் மருத்துவர்களே நிறுத்தினார்கள். இன்சுலின் போடுபவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்புறம், பல வாரங்கள் எடுத்து, படிப்படியாகத்தான் வழக்கமான சாப்பாட்டுக்குத் திருப்பினார்கள். வீட்டு மிக்சியில் அடித்த ஆரஞ்சு ஜூஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அளந்து செய்யாத திரவ உணவு என்ன செய்யும் என்பதற்கு 1970-களின் அமெரிக்கா சாட்சி. தரம் குறைந்த புரதத்தில் செய்த திரவத்தை மட்டுமே மாதக்கணக்கில் குடித்தவர்களில் சுமார் 60 பேர் இறந்துபோனார்கள், பலருக்கும் இதயத் துடிப்பு தாறுமாறாகி. ஆரோக்கியமாக இருக்கும் உங்களுக்கு மூன்று நாளில் அப்படி எதுவும் ஆகிவிடாது. ஆனால் மூன்று நாள் பலன் தரவில்லை என்று பத்து நாள், பத்து நாள் போதவில்லை என்று ஒரு மாதம் என நீட்டிக்கொண்டே போவதைத்தான் பயப்படுகிறேன்.

சரி, எடை ஏன் நின்றது? நீங்கள் எட்டரைக் கிலோ இளைத்ததால்தான். ஒரு கிலோ குறைந்தால் உடம்பின் ஒரு நாள் தேவையும் ஏறக்குறைய 20 கலோரி குறைகிறது. உங்களுக்கு 170 கலோரி குறைந்திருக்கும். அதே 45 நிமிட நடைக்கு, இறங்கிய எடையோடு நடக்கும்போது, செலவும் குறைவு. இதோடு, ஐந்து மாதம் ஆனதும் கை கொஞ்சம் தாராளமாகிவிடும். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, எல்லோருக்கும் நடப்பது. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி கூடினால் 120 கலோரி. சாயங்காலம் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை 170. மூன்று வேளைக் காப்பியில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை 120. சிறுதானியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். நார்ச்சத்தில் அது அரிசியைவிட நல்லது. ஆனால் சாமை, வரகு, தினை எல்லாவற்றிலும் கலோரி கிட்டத்தட்ட அரிசியின் அளவுதான். 'இது சிறுதானியம்தானே' என்று இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டால் கணக்கு அங்கேயே நேராகிவிடும்.

அதனால் ஒரு வாரம் மட்டும், வாயில் போடுவது அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது, சமைக்கும்போது ருசி பார்த்தது உட்பட. வீட்டில் மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் வகுத்துப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு எடை நின்ற காரணம் அந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது புரதம். எடை குறைக்கும் காலத்தில் உங்களுக்கு நாளுக்கு 70 கிராமாவது வேண்டும். நம் வீட்டுச் சாப்பாட்டில் அது எளிதில் சேராது. ஒரு இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது, ஜூஸில் ஏறக்குறைய இல்லவே இல்லை. முட்டை ஒன்றுக்கு 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14, 100 கிராம் பன்னீரில் 18. புரதம் போதாமல் இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் உடம்பின் செலவு இன்னும் குறையும், எடை இன்னும் பிடிவாதமாக நிற்கும். அதனால்தான் நடையோடு, வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரில் கையூன்றித் தள்ளுவது 10 தடவை, இரண்டையும் மூன்று சுற்று. பள்ளியில் மாடிப்படி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

எடையை வாரம் ஒரு நாள், காலையில், ஒரே மெஷினில் மட்டும் பாருங்கள். மாதவிலக்கை ஒட்டிய நாள்களில் ஒன்றிரண்டு கிலோ ஏறித் தெரிந்தால் அது தண்ணீர், கலங்க வேண்டாம். தொப்புளை ஒட்டி இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து அதையும் நோட்டில் குறியுங்கள். எடை நின்றாலும் இடுப்பு குறைந்துகொண்டிருந்தால் நீங்கள் நின்றுவிடவில்லை என்று அர்த்தம்.

சூப்பை அடியோடு விட வேண்டாம், அதற்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிண்ணம் சூப் குடித்தவர்கள் அந்த வேளையில் மொத்தமாக 20 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டதாக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நீங்கள் மதியமும் இரவும் தட்டில் சோறு வைப்பதற்கு முன், காய்கறி சூப்போ எண்ணெய் அதிகம் ஊற்றாத ரசமோ ஒரு கிண்ணம் நிதானமாகக் குடியுங்கள். ஜூஸுக்குப் பதில் பழத்தை அப்படியே கடித்துச் சாப்பிடுங்கள்.

இதையெல்லாம் ஆறு வாரம் செய்து பார்த்து, எடையும் இடுப்பளவும் எழுதிய பக்கத்தோடு எனக்கு எழுதுங்கள். அப்போதும் இரண்டும் அசையவில்லை என்றால், அல்லது இதற்கிடையில் அசதி, முடி உதிர்வு, மாதவிலக்கில் மாற்றம் என்று ஏதாவது தெரிந்தால், தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனையை எடுத்துவிட்டு எழுதுங்கள்.