ஒரே ஈத்துக் குட்டிகளை இணை சேர்க்கலாமா? கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் நாய் வளர்க்கிற சிலர், சொந்தத்துக்குள் நாய்களை இணை சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்தார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. காட்பாடியில் 20 வருடங்களுக்கு மேலாக நாய் வளர்க்கிறேன். வளர்த்துக் கற்றதையும் டாக்டர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து: அண்ணா, ஒரே ஈத்தில் ஆணும் பெண்ணுமாக இரண்டு லேப்ரடார் வாங்கினோம். பத்து மாதம்தான் ஆகிறது. போன வாரம் மாடியில் இரண்டும் சேர்ந்துவிட்டன. என்ன செய்வது?

பதறாதீர்கள் தம்பி, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். கருவைக் கலைக்கப் போடும் சில ஹார்மோன் ஊசிகளால் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதுண்டு. கருத்தடை ஆபரேஷன் செய்யலாமா, எப்போது செய்யலாம் என்பதை டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். ஆணுக்கும் செய்துவிடுங்கள். ஒரே வீட்டில் இரண்டையும் பிரித்தே வைப்பேன் என்பது நடக்கிற காரியமில்லை.

குட்டிகள் பிறந்துவிட்டால் எல்லாமே ஊனமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பலவும் பார்க்க நன்றாகவே இருக்கும். பிறந்த அன்றே ஒவ்வொன்றின் வாயையும் திறந்து அண்ணம் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கும்போது, வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அந்தக் குட்டிகளிடமிருந்து மறுபடி குட்டி எடுக்கக் கூடாது.

இதில் நான் பட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு சிப்பிப்பாறை ஜோடி வைத்திருந்தேன். இரண்டையும் விற்றவர் ஒருவரே. "சொந்தமே கிடையாது" என்றார், நம்பினேன். ஏழு குட்டிகள் பிறந்தன, மூன்று முதல் வாரத்திலேயே போய்விட்டன. ஒன்றுக்கு அண்ணம் பிளந்திருந்தது, குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. நான்காம் நாள் என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது. இரண்டு நாய்களுக்கும் அப்பா ஒன்றுதான் என்று பிறகுதான் தெரிந்தது. சொந்தத்தில் சேர்த்ததால்தான் அப்படி ஆனது என்று ஒரு ஈத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து, அப்பா யார் என்று கேட்காமல் நான் ஒரு நாயையும் இணை சேர்த்ததில்லை.

வாலாஜாவிலிருந்து: சொந்தத்தில் சேர்த்தால் ஏன் கெடுதல் வருகிறது? ரத்தம் கெட்டுவிடுமா?

ரத்தம் கெடுவதில்லை. ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு நகலாக வருகிறது. வீட்டுப் பத்திரத்துக்கு இரண்டு நகல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கரையான் அரித்த இடத்தை இன்னொன்றில் படித்துக்கொள்ளலாம். இரண்டுமே அரித்த ஒரே பத்திரத்திலிருந்து எடுத்த ஜெராக்ஸ் என்றால்? இரண்டிலும் அதே வரி இருக்காது.

பல பரம்பரை நோய்கள் இப்படித்தான் ஒளிந்திருக்கின்றன. லேப்ரடாரில் விழித்திரை மெல்ல மெல்ல அழிந்து பார்வை போகிற நோய் ஒன்று உண்டு. ஒரு நகல் மட்டும் பழுதான நாய்க்குக் கண் நன்றாகவே தெரியும். அப்படி இரண்டு நாய்கள் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதுவும் பெரும்பாலும் சில வயது கடந்த பிறகுதான் தெரியும். அதற்குள் அந்த நாயே பல ஈத்துக்கு அப்பாவாகியிருக்கும்.

இதற்கு 1922இல் ஸீவல் ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கணக்கு கொடுத்தார். இரண்டு நகலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே அது. அப்பா மகள் சேர்ந்தாலும் கூடப்பிறந்தவை சேர்ந்தாலும் 25 சதவீதம். தாத்தா பேத்தி, அல்லது அப்பா மட்டும் ஒன்றாக இருப்பவை என்றால் 12.5. நோய் மட்டுமல்ல, குட்டி எண்ணிக்கையும் குறையும், பிறந்தவை தங்குவதும் குறையும்.

ஆற்காட்டிலிருந்து: நம் வீடுகளில் தாய்மாமனைக் கட்டுகிறோமே, நாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

நியாயமான கேள்வி அம்மா. தாய்மாமன் முறைக்கும் கணக்கு அதே 12.5தான், அத்தை மகன் மாமன் மகள் என்றால் 6.25. மனிதரிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனால் நாய்க்கு ஒரு தலைமுறை இரண்டே வருடம். ஷோவில் ஜெயித்த ஒரு ஆண் நாய் நூறு குட்டிகளுக்கு மேல்கூட அப்பாவாகிவிடும். அந்தக் குட்டிகளெல்லாம் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் ஆம்பூரிலும் விற்கப்பட்டு, மூன்றாம் வருடம் தங்களுக்குள்ளேயே ஜோடி தேடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. விசாரிக்காததால் நடக்கிறது.

காட்பாடி கல்லூரி மாணவர்: லைன் பிரீடிங் செய்தால்தான் இனம் சுத்தமாக இருக்கும் என்கிறார் ஒரு பிரீடர். சரியா?

தூரத்துச் சொந்தத்தில் திட்டமிட்டுச் சேர்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நல்ல குணம் நிலைக்கும் என்பது உண்மை, கூடவே குறையும் நிலைக்கும். டால்மேஷன் இனத்தைப் பாருங்கள். யூரிக் அமிலக் கோளாறு இனம் முழுக்கப் பரவி, சிறுநீரில் கல் அடைப்பது அதற்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. சரியான மரபணு அந்த இனத்திலேயே மிச்சமில்லாமல் போயிருந்தது. 1973இல் அமெரிக்காவில் ஒரு பாயின்டர் நாயோடு ஒரே ஒருமுறை கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்து மீட்டார்கள். பார்க்க அசல் டால்மேஷன்தான், கோளாறு மட்டும் இல்லை. பிரிட்டனின் கென்னல் கிளப் 2009 முதல், பெற்றதும் பிள்ளையும் அல்லது கூடப்பிறந்தவை சேர்ந்து போட்ட குட்டிகளைப் பொதுவாகப் பதிவு செய்வதில்லை.

ஆடு வளர்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. மந்தையில் கிடாவை அதன் மகள்கள் பருவத்துக்கு வருவதற்குள் மாற்றிவிடுவார்கள்.

அணைக்கட்டிலிருந்து: தெரு நாய் சொந்தம் பார்த்தா சேருகிறது? அது திடமாகத்தானே இருக்கிறது?

உயிரோடு இருப்பதைத்தான் நாம் பார்க்கிறோம் ஐயா. ஈத்தில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் சாகிறது. தவிர, ஆண் நாய்கள் தெருத் தெருவாக அலைகின்றன. ஒரு பொட்டை பல ஆணோடு சேரும், ஒரே ஈத்தில் இரண்டு அப்பாவின் குட்டிகள்கூட இருக்கும்.

பேரணாம்பட்டிலிருந்து: ராஜபாளையம் குட்டிக்குக் காது கேட்கவில்லை. இதுவும் அதனாலா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுக்கும் தொடர்பு உண்டு. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் கேட்கும் செல்கள் அழிந்துபோகும். அந்தக் குட்டியை அன்பாக வளருங்கள், கையசைவில் நன்றாகவே பழகும். அதையும் அதைப் பெற்ற ஜோடியையும் மறுபடி இணை சேர்க்க வேண்டாம்.

மேல்விஷாரத்திலிருந்து: எந்த வயதில் இணை சேர்க்கலாம்?

2017 மத்திய விதிப்படி பெண் நாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஆம்பூரிலிருந்து: என் பெண் நாயே அண்ணன் தங்கைக்குப் பிறந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. இதற்கு வாரிசே வேண்டாமா?

அது ஆரோக்கியமாக இருந்தால் கதவு மூடவில்லை. துளியும் சொந்தமில்லாத ஆணோடு சேர்த்தால், குட்டிகளுக்கு அந்தக் கணக்கு ஒரே தலைமுறையில் பூஜ்யமாகிவிடும். பெற்றவை இரண்டுக்கும் இடையே சொந்தம் உண்டா என்பதுதான் கணக்கு, தாத்தா பாட்டி செய்தது அதில் சேராது. ஒளிந்திருக்கும் குறை அடுத்த தலைமுறைக்குப் போகலாம் என்பதால், அந்த இனத்துக்கு உரிய மரபணுச் சோதனையை முதலில் எடுங்கள். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி அனுப்பினால் போதும். வேலூர்ப் பக்கத்து ஆண் வேண்டாம், முடிந்தால் வெளி மாவட்டத்தில் தேடுங்கள். மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், அங்கே சேர்க்காதீர்கள்.