மாஸ்டர் பதில்கள்: மெரெங்கேல கால் வருது, கை வரமாட்டேங்குது!

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி மெரெங்கேங்கிற டொமினிக்கன் குடியரசு ஜோடி நடனம் பத்தித்தான், அதுலயும் ஜோடியா ஆடும்போது லீட் பண்றது, அதாவது அடுத்து என்னன்னு கூட ஆடுறவங்களுக்கு உடம்பாலயே சொல்றது எப்படிங்கிறதுதான். அதனால மத்ததை எல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

பேர் போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டவர்: மாஸ்டர், தனியா ஆடினா ஸ்டெப் கரெக்டா வருது. ஜோடி சேர்ந்ததும் நான் என்ன சொல்ல வர்றேன்னே அவங்களுக்கு புரியலை. டர்ன் கொடுத்தா நின்னுடறாங்க, இல்லேன்னா என் மேலயே வந்து இடிக்கிறாங்க. வீடியோ பார்த்து ஏகப்பட்ட மூவ்ஸ் கத்துக்கிட்டேன், ஒண்ணும் பிரயோஜனம் இல்லை.

ஏகப்பட்ட மூவ்ஸ் கத்துக்கிட்டதுதான் பிரச்னையோன்னு தோணுது. மெரெங்கேல காலுக்கு வேலை ரொம்ப கம்மி, ஒரு பீட்டுக்கு ஒரு ஸ்டெப், இடது வலது இடது வலதுன்னு எட்டு எண்ணி திரும்ப ஒண்ணு, அவ்ளோதான். லீட் பண்றவர் இடது கால்ல ஆரம்பிப்பார், ஃபாலோ பண்றவர் வலது கால்ல. இதை பத்து நிமிஷத்துல யாரும் பிடிச்சுக்கலாம், அதனால எல்லாரும் அடுத்த நிமிஷமே மூவ்ஸுக்கு ஓடிடறாங்க, நடுவுல இருக்கிற லீட்ங்கிற சமாச்சாரத்தை யாரும் கத்துக்கிறதே இல்லை.

முதல்ல பிடியைப் பாருங்க. உங்க வலது கை அவங்க முதுகுல, இடது தோள்பட்டை எலும்பு மேல பட்டும் படாமலும் இருக்கணும், இடுப்புல இல்ல. அவங்க இடது கை உங்க வலது கை மேலயே சாய்ஞ்சு தோள் கிட்ட வந்து உட்காரும். இன்னொரு கை ரெண்டு பேருக்கும் நடுவுல, கண்ணு உயரத்துக்கு கொஞ்சம் கீழ. இப்போ கையை மறந்துடுங்க. நீங்க நெஞ்சை இடது பக்கம் திருப்பினா உங்க வலது கையும் கூடவே நகரும், அது அவங்க முதுகுக்குத் தெரியும், அவங்க திரும்புவாங்க. லீட்ங்கிறது இதுதான், உடம்பு போகுது, கை அந்த சேதியைக் கொண்டு போய் சேர்க்குது. நீங்க பண்றது என்னன்னா உடம்பை அப்படியே நிறுத்திட்டு கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி கையை மட்டும் இழுக்கிறீங்க, அவங்க மேல வந்து இடிக்காம வேற என்ன பண்ணுவாங்க!

ரெண்டாவது, டர்ன். கையைத் தூக்கினதும் அவங்க சுத்திடணும்னு நினைக்கிறீங்க. கை தூக்குறது ஒரு தகவல் மட்டும்தான், எந்தப் பக்கம்னு அது சொல்லாது, கை போற வழிதான் சொல்லும். உங்க இடது கைல அவங்க வலது கை இருக்குன்னு வெச்சுக்குங்க. ஏழு, எட்டுல கையைத் தூக்குங்க, அடுத்த ஒண்ணுல அந்தக் கை அவங்க முகத்துக்குக் குறுக்க வராம அவங்களோட வலப்பக்கமா வெளியே போச்சுன்னா வலது டர்ன். முகத்துக்கு முன்னால குறுக்க இடப்பக்கம் போச்சுன்னா இடது டர்ன். கை அவங்க உச்சந்தலைக்கு ஒரு சாண் மேல, சின்ன வட்டமா. பெரிய வட்டம் போட்டா அவங்க பேலன்ஸ் போயிடும்.

அப்புறம் அவசரப்படாதீங்க. இங்க டர்ன்ங்கிறது கிறுகிறுன்னு சுத்துறது இல்ல, நடந்துக்கிட்டே திரும்புறது, நாலு ஸ்டெப்ல முடிக்கலாம், எட்டு ஸ்டெப் எடுத்துக்கலாம். நிமிஷத்துக்கு 120 பீட் பாட்டுல எட்டு ஸ்டெப்னா முழுசா 4 செகண்ட், தாராளமான டைம். அந்த 4 செகண்டும் உங்க கால் நிக்கவே கூடாது, லீட் பண்றவர் கால் நின்னா ஃபாலோ பண்றவர் காலும் நின்னுடும், உங்க கேஸ்ல நடக்கிறது இதுவாத்தான் இருக்கும்.

ஒரு டெஸ்ட் சொல்றேன். கையைப் பிடிக்காம ஆள்காட்டி விரலை மட்டும் ஒண்ணோட ஒண்ணு கொக்கி மாதிரி மாட்டிக்கிட்டு வலது டர்ன் கொடுத்துப் பாருங்க. விரல் கழண்டு போச்சுன்னா நீங்க இழுக்கிறீங்க. கழலாம அவங்க சுத்தி முடிச்சாங்கன்னா உங்க லீட் ஓகே.

இடுப்பு விஷயத்தில் நொந்துபோன ஒரு வாசகி: நான் ஆடினா இடுப்பை வேணும்னே ஆட்டுற மாதிரி இருக்குன்னு ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க மாஸ்டர்.

வேணும்னேதான் ஆட்டுறீங்க போல. இடுப்பை விட்டுட்டு முழங்காலைப் பாருங்க. இடது முன்பாதத்தை முழங்கால் மடிஞ்சபடி தரைல வைங்க, வெயிட் இன்னும் வலது கால்லதான், அந்தக் கால் நேரா இருக்கு, அப்போ இடுப்பு தானா வலது பக்கம் போயிருக்கும். இப்போ வெயிட்டை இடது காலுக்கு மாத்தி அதை நேராக்குங்க, வலது முழங்கால் மடியும், இடுப்பு இந்தப் பக்கம் வரும். தோள் ஆடவே கூடாது. ஸ்டெப் சின்னதா இருக்கட்டும், உங்க பாதத்தோட நீளத்துல பாதி போதும். பெரிய ஸ்டெப் வெச்சா முழங்கால் மடியறதுக்கு டைமே கிடைக்காது, அப்போதான் இடுப்பை நாமளே பிடிச்சு ஆட்ட வேண்டி வருது.

கை முடிச்சுல மாட்டிக்கிட்டவர்: ரெண்டு கையையும் விடாம சுத்தி சுத்தி முடிச்சு போடுற மூவ்ஸ் ஆசையா இருக்கு. ஆனா நான் பண்ணினா பாதில சிக்கிக்குது, அவங்க "கை வலிக்குது"ன்னு கத்துறாங்க.

முடிச்சு மூவ்ஸ்தான் மெரெங்கேவோட விருந்தே. டர்னுக்கு எட்டு ஸ்டெப் எடுத்துக்கலாம்னு சொன்னேன் இல்லையா, அந்த நிதானம் இருக்கிறதாலதான் ரெண்டு கையையும் பிடிச்சபடியே சுத்த முடியுது.

ரெண்டு முடிச்சை மட்டும் ஒழுங்கா கத்துக்குங்க, மத்தது முக்கால்வாசி இதுல இருந்துதான் கிளைக்குது. எதிரெதிரா நின்னு ரெண்டு கையும் பிடிச்சிருக்கீங்க, உங்க இடது கைல அவங்க வலது, உங்க வலது கைல அவங்க இடது. முதலாவது ஹேமர்லாக். இடது கையைத் தூக்கி அவங்களுக்கு வலது டர்ன் கொடுங்க, அதே நேரம் உங்க வலது கை கீழேயே, அவங்க இடுப்பு உயரத்துலயே இருக்கணும். அவங்க முழுசா சுத்தி வரும்போது அவங்களோட இடது கை தானா முதுகுக்குப் பின்னாடி போயிருக்கும், நீங்க ரெண்டு பேரும் வலது பக்கமும் வலது பக்கமும் ஒட்டின மாதிரி, ஆளுக்கொரு திசை பார்த்து நிப்பீங்க. இங்கேயே நிக்காதீங்க, ரெண்டு பேரும் முன்னாடி நடங்க, கடிகார முள் சுத்துற திசைல ஒரு வட்டம், எட்டு ஸ்டெப். பார்க்கவும் அழகு, அடுத்து என்னன்னு யோசிக்க உங்களுக்கும் டைம் கிடைக்கும், ஹி ஹி.

வலி எங்க வருதுன்னா, கீழே இருக்க வேண்டிய கையை நீங்க சுத்துற வேகத்துல உங்களை அறியாம மேல தூக்கிடறீங்க. முதுகுக்குப் பின்னாடி போன கையை மேல தூக்கினா தோள் மூட்டு முறுக்கும், வலிக்காம என்ன செய்யும். இன்னொண்ணு, கட்டை விரல். உங்க கட்டை விரலால அவங்க கையை அமுக்கிப் பிடிச்சிருந்தா உள்ளங்கை உள்ளங்கை மேல உருள முடியாது. விரல்களை லேசா மடிச்சு அவங்க விரல் அதுல தொங்குற மாதிரி வைங்க, கட்டை விரலுக்கு லீவு கொடுத்துடுங்க. அவங்க வலிக்குதுன்னு சொன்ன அந்த செகண்ட் கையை விட்டுடணும், மூவ் முடியலையேன்னு பார்க்காதீங்க.

ரெண்டாவது கடில். அதே இடது கையைத் தூக்கி இந்தத் தடவை இடது டர்ன், அதுவும் பாதி டர்ன்தான். அவங்க சுத்தி உங்க வலது பக்கத்துல வந்து நிப்பாங்க, ரெண்டு பேரும் ஒரே திசை பார்ப்பீங்க, அவங்க ரெண்டு கையும் அவங்க முன்னாடி குறுக்க மடிஞ்சிருக்கும். உங்க வலது கை அவங்க முதுகைச் சுத்திப் போயிருக்கும்.

வெளிய வர்றதுக்கு ஒரே சட்டம்: போன வழியிலேயே திரும்பி வாங்க. எந்தக் கையைத் தூக்கி உள்ள அனுப்பினீங்களோ அதே கையைத் தூக்கி, எதிர்ப்பக்கமா சுத்த விடுங்க. ஹேமர்லாக்ல வலது டர்ன்ல போனாங்க, இடது டர்ன்ல வரணும். கடில்ல இடது டர்ன்ல வந்தாங்க, வலது டர்ன்ல போகணும். எட்டு, பத்து சுத்து சேர்ந்த பெரிய முடிச்சா இருந்தாலும் இதேதான், கடைசியா பண்ணினதை முதல்ல அவிழ்க்கணும். நடுவுல மறந்து போச்சா, ஒரு கையை விட்டுட்டு சிரிங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

சல்சா நடனத்தில் இருந்து வந்தவர்: ஒவ்வொரு தடவையும் நாலுல நின்னுடறேன்.

சல்சால நாலு, எட்டு ரெண்டுலயும் கால் வைக்க மாட்டோம், அந்தப் பழக்கம்தான். மெரெங்கேல எட்டு பீட்லயும் கால் வைக்கணும். நீங்க நின்ன அந்த ஒரு பீட்ல கால் மாறிப் போச்சுன்னா, ரெண்டு பேருக்கும் ஒரே பக்க முழங்கால் முட்ட ஆரம்பிக்கும். பதறாம ஒரு பீட் வெயிட் போடாம காலைத் தரைல தொட்டுட்டு எடுங்க, மறுபடி சேர்ந்துடும். ஃபாலோ பண்றவரைத் திருத்தச் சொல்லாதீங்க, பிசகினது யாரா இருந்தாலும் லீட் பண்றவர் மாத்திக்கிறதுதான் வழக்கம்.

ஃபாலோ பண்ணுபவர்: லீட் பண்றவருக்குத்தான் எல்லாரும் பாடம் எடுக்கிறாங்க. நாங்க சும்மா பொம்மையா வந்தா போதுமா?

நியாயமான கோபம். நீங்க சும்மா வந்தா எந்த லீடும் வேலை செய்யாது. உங்க கைல ஒரு மெல்லிசான எதிர்ப்பு இருக்கணும், முழங்கை உடம்புக்குப் பின்னாடி போயிடாம. கை நூல் மாதிரி தொய்வா இருந்தா அவர் உடம்பு திரும்பினது உங்களுக்கு வந்து சேராது, விறைப்பா இருந்தா அவர் தோள் போச்சு. அடுத்து, ஊகம். போன தடவை கை தூக்கினதும் வலது டர்ன் வந்துச்சு, இப்பவும் அதுதான்னு முன்னாடியே கிளம்பிடறது, நல்லா ஆடுறவங்களுக்குத்தான் இந்த வியாதி ஜாஸ்தி. கண்ணை மூடிக்கிட்டு ஒரு பாட்டு ஆடிப் பாருங்க, நம்பிக்கையான ஜோடியோட, காலியான இடத்துல. ஊகம் தானா அடங்கிடும். அப்புறம் டர்ன்ல கால் எப்படி வைக்கிறது, கையை எப்படி ஸ்டைல் பண்றது, இடுப்பு எவ்ளோ, இதெல்லாம் முழுக்க உங்க ராஜ்ஜியம், லீட் பண்றவர் தலையிடக் கூடாது. கையை முறுக்குறவர் கிட்ட இருந்து கையை உருவிக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு, மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

வரலாறு பிடிக்கும் என்கிறவர்: காலை இழுத்து இழுத்து ஆடுறதுக்குப் பின்னாடி ஒரு நொண்டி கதை இருக்காமே, உண்மையா?

ரெண்டு கதை ஓடுது. ஒண்ணு, கால்ல சங்கிலி போட்டு கரும்புத் தோட்டத்துல வேலை வாங்கப்பட்ட அடிமைகள் ஒரு காலை இழுத்துத்தான் ஆட முடிஞ்சுதுங்கிறது. இன்னொண்ணு, போர்ல கால்ல அடிபட்டு ஊர் திரும்பின ஒரு வீரனுக்கு மரியாதையா ஊரே நொண்டி ஆடுச்சுங்கிறது. ரெண்டுமே வாய்வழிக் கதைதான், எழுத்துல ஆதாரம் கிடையாது, எனக்கு ரெண்டுலயும் நம்பிக்கை இல்லை.

உறுதியா சொல்லக்கூடியது, இது டொமினிக்கன் குடியரசோட நடனம். 19-ஆம் நூற்றாண்டுல அங்க பரவினப்போ பணக்கார வீடுகள்ல முகம் சுளிச்சாங்க, நாட்டுப்புறத்து ஆட்டம், போதாததுக்கு ஜோடி இவ்ளோ நெருக்கமா நிக்குதுன்னு. 1930-ல ஆட்சிக்கு வந்த சர்வாதிகாரி த்ருஹியோதான் அதைப் பிடிச்சு தேசிய இசையா மேல கொண்டு வந்தது, தன் புகழ் பாட வெச்சுக்கிட்டார்ங்கிறது வேற விஷயம், 1961-ல அவர் கொல்லப்படுற வரைக்கும் அது நடந்துச்சு. 2016-ல யுனெஸ்கோவோட கலாசாரப் பாரம்பரியப் பட்டியல்லயும் ஏறிடுச்சு, நவம்பர் 26 அங்க தேசிய மெரெங்கே தினம். பழைய சலோன் பாணில, அதாவது நடனக் கூடத்துல ஆடுற பாணில, ஜோடி பிரியறதே கிடையாது, பிடிச்ச பிடியோட மெதுவா சுத்தும், நாம மேல பேசின முடிச்சு எல்லாம் கையை விரிச்சு ஆடுற பாணிக்கு சேர்ந்தது.

பாட்டு கேட்டா பீட் பிடிபடாதவர்: எதை வெச்சு எண்றது?

மூணு சத்தம் கேளுங்க. சரசரன்னு விடாம உரசுற இரும்புக் கருவி, அது குவிரா. ரெண்டு பக்கமும் தோல் கட்டின மேளம், மடில படுக்க வெச்சு ஒரு பக்கம் குச்சியாலயும் மறுபக்கம் கையாலயும் வாசிக்கிறது, தம்போரா. மேல அக்கார்டியன், இல்லேன்னா சாக்ஸஃபோன். அக்கார்டியன் பின்னாடி போனீங்கன்னா தொலைஞ்சீங்க, அது இஷ்டத்துக்கு ஓடும். தம்போராவோட அடியைப் பிடிங்க, கால் அதுல வைங்க. டொமினிக்கன் குடியரசோட வடக்குல இருக்கிற சிபாவ் பகுதியோட நாட்டுப்புற பாணிப் பாட்டு பல சமயம் தலைதெறிக்கிற வேகம், அதை முடிச்சு பழக எடுக்காதீங்க, பெரிய ஆர்கெஸ்ட்ரா பாட்டுல 120, 130 பீட்ல இருக்கிறதா பார்த்து ஆரம்பிங்க.

கூச்ச சுபாவம் உள்ளவர்: தெரியாதவங்களோட அவ்ளோ நெருக்கமா நிக்கத்தான் வேணுமா? கூட்டமான இடத்துல என்ன பண்றது?

வேண்டாம். ரெண்டு கையை மட்டும் பிடிச்சு ஒரு முழம் தள்ளி நின்னே ஒரு பாட்டு முழுக்க ஆடலாம், அதுவும் மெரெங்கேதான். எவ்ளோ கிட்டங்கிறதை ரெண்டு பேர்ல யார் அதிக இடைவெளி கேட்கிறாங்களோ அவங்கதான் முடிவு பண்ணணும். கூட்டம்னா முடிச்சு, விரிஞ்ச டர்ன் எல்லாத்தையும் மூட்டை கட்டிடுங்க, முழங்கை பின்னாடி இருக்கிறவர் மூக்குல போய் நிக்கும். நின்ன இடத்துலயே ரெண்டு பேரும் சேர்ந்து எட்டு ஸ்டெப்ல மெதுவா ஒரு சுத்து, அப்புறம் எதிர்ப்பக்கம் எட்டு, நடுவுல பக்கவாட்டுல நாலு, கை தூக்காம இவ்ளோதான். ஒரு ஆள் படுக்கிற இடம்கூட தேவைப்படாது.