பழக்கவழக்க நகைச்சுவைக்கும் சும்மா பகிடிக்கும் என்ன வித்தியாசம்?

ஒருவர் வழுக்கி விழுந்தால் அது சும்மா பகிடி. நீங்கள் கேட்கும் பழக்கவழக்க நகைச்சுவை, ஆட்களின் மரியாதைப் பேச்சுக்கும் உள்ளே இருக்கும் எண்ணத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்டிச் சிரிக்கவைப்பது, அதற்கு யாரும் விழத் தேவையில்லை. கிளிநொச்சியில் பெண் பார்க்க வந்த மாமி, ‘நாங்கள் சீதனம் ஒண்டும் கேக்கேல்லை’ என்று சொல்லி, வேண்டாம் வேண்டாம் என்றபடியே இன்னொரு பயித்தம் பணியாரத்தை எடுத்துக்கொண்டு, ‘இரணைமடுக் குளத்துத் தண்ணி உங்கட வயலுக்கு ரெண்டு போகமும் வருமோ?’ என்று விசாரிப்பார். ஒரு சொல்கூட மரியாதை குறையாது, கணக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், சிரிப்பு அங்கேதான்.

இங்கிலாந்தில் 1660இல் அரங்குகள் திரும்பத் திறந்த பிறகு மேல்தட்டு ஆட்களின் பவிசை இப்படித்தான் மேடையேற்றினார்கள். 1777இல் நாடகாசிரியர் ஷெரிடன் ஊர்வம்பையே நாடகமாக்கினார். எங்களிடம் பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் ‘உடையார் மிடுக்கு’ நாடகம் இருக்கிறது, அதுவும் பேச்சுத்தமிழில். சினிமாவுக்குக் கமரா முகத்துக்குக் கிட்டப் போய் இந்தக் கணக்கைக் காட்டும் வசதி உண்டு, ஆனால் நம் படங்களில் பகிடிக்கென்று தனி ஆளை வைத்துவிடுவதால் கதாநாயகன் வீட்டார் பெரும்பாலும் இந்தச் சிரிப்பிலிருந்து தப்பிவிடுகிறார்கள்.