சொட்டு மருந்தால் பார்வை போனது: வழக்கு நிற்குமா?

கேள்வி: அம்மாவுக்குப் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அப்போது கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தீரத் தீர திருப்பாதிரிப்புலியூர் மெடிக்கலில் வாங்கி ஐந்து மாதம் விட்டோம். கண் அழுத்தம் ஏறி, வலது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. டாக்டர் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. இழப்பீடு கேட்கலாமா? - ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: டாக்டர் முகம் கொடுக்காததெல்லாம் மனுவில் ஒரு வரிகூட வேண்டாம். நுகர்வோர் ஆணையம் முதலில் கேட்கப்போவது டிஸ்சார்ஜ் சம்மரியை, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் சிகிச்சைக் குறிப்பை. பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு சொட்டை முதல் வாரம் தினம் ஆறு தடவை, அடுத்த வாரம் ஐந்து என்று குறைத்து ஆறாவது வாரத்தோடு நிறுத்தச் சொல்லி அதில் இருக்கிறதா? மறுபரிசோதனைத் தேதிக்குப் போனீர்களா? போய், அழுத்தம் 30ஐத் தாண்டியிருந்தும் அதே சொட்டைத் தொடரச் சொல்லியிருந்தால் வழக்கு திடமானது. போகவே இல்லையென்றால் ரொம்பக் கஷ்டம். ஸ்டீராய்டு சிலர் கண்ணில் அழுத்தத்தை ஏற்றும் என்பது தெரிந்த பக்க விளைவு. அது வந்ததாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது. டாக்டரின் கவனக்குறைவை நிரூபிக்க, ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் கடுமையானது.

கெடு இரண்டு வருடம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டமான கடலூரிலேயே தாக்கல் செய்யலாம்.

கட்சிக்காரர்கள் சறுக்குவது பில்லில். செலவைக் காட்டுகிறோம் என்று மெடிக்கல் பில் அத்தனையையும் பின் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆறு வாரத்துக்குப் பிந்தைய தேதியுள்ள ஒவ்வொரு பில்லும் எதிர்த்தரப்புக்குச் சான்றாவணம். ஒளித்தும் பயனில்லை. இரண்டாவதாகக் காட்டிய கண் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில், முதல் பக்கத்திலேயே, 'டாக்டரைக் கேட்காமல் ஐந்து மாதம் சொட்டு விட்டிருக்கிறார்கள்' என்று எழுதியிருக்கும். சொன்னது நீங்கள்தான். டாக்டர் சீட்டில் வாரக் கணக்கைத் திருத்துவது அதைவிட ஆபத்து. நகல் மருத்துவமனையிடம் இருக்கிறது.

ஆகவே முதலில் ஆபரேஷன் செய்த மருத்துவமனையிடம் முழு கேஸ் ஷீட் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தரவேண்டும். வக்கீல் நோட்டீஸ் அதற்குப் பிறகுதான். நோட்டீஸ் போனபின் வருகிற கேஸ் ஷீட் ரொம்ப அழகாக இருக்கும்.

மெடிக்கல் கடையையும் எதிர்தரப்பில் சேருங்கள். இது ஷெட்யூல் எச் மருந்து, அதாவது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதது. மறுபடி தரலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு ஒரு தடவைக்கு மேல் தரக்கூடாது. ஆனால் அங்கிருந்து பெரிய தொகை பெயராது.

சம்மரியில் நிறுத்தும் தேதி இருந்தால், வழக்கை விட்டுச் சமரசம் பேசுங்கள். கிளாகோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) சிகிச்சையும் ஆயுள் முழுக்க ஆகும் சொட்டு மருந்துச் செலவும் கேளுங்கள். அழுத்தம் அடங்கி, விஷுவல் ஃபீல்டு (பார்வைப் பரப்பை அளக்கும்) பரிசோதனை முடியும்வரை 'முழு, இறுதித் தீர்வு' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போன நரம்பு திரும்பாது. எவ்வளவு போயிருக்கிறது என்பது அந்தப் பரிசோதனையில்தான் தெரியும்.