தாவரத் தொட்டிக்குக் கரியமில வாயு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரண்டடி நீளத்தில், ஏறக்குறைய 60 லிட்டர் பிடிக்கும் தாவரத் தொட்டி (மீன்களோடு நீர்ச்செடிகளும் வளரும் தொட்டி) வைத்திருக்கிறேன். ஊற்றுவது போர் தண்ணீர். அதன் கார்பனேட் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவு) 12 டிகிரி. செடிகள் செழிக்கக் கரியமில வாயு சிலிண்டரைப் பொருத்தி, நொடிக்கு ஒரு குமிழியில் தொடங்கி மூன்று குமிழி வரை கூட்டிவிட்டேன். தொட்டித் தண்ணீரையே ஊற்றி மாட்டிய டிராப் செக்கர் (வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் சிறு கண்ணாடிக் குமிழ்) இன்னும் முழுப் பச்சைக்கு வரவில்லை. ஆனால், மாலை வேளையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இன்னும் கூட்டலாமா? (மதுரை வாசகர்)

பதில்: கூட்டவே கூடாது. இதைப் படித்த கையோடு, வாயுவின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வைத் திருகி, பழையபடி நொடிக்கு ஒரு குமிழிக்கு இறக்கிவிடுங்கள். மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறும் நேரத்தில் வாயுவை அடியோடு நிறுத்தி, காற்று பம்பை ஓடவிட வேண்டும்.

தவறு வாயுவிலும் இல்லை, வால்விலும் இல்லை. டிராப் செக்கருக்குள் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது. அந்தச் சிறு கண்ணாடிக் குமிழுக்குள் ஊற்ற வேண்டியது, கார்பனேட் கடினத்தன்மை சரியாக 4 டிகிரி உள்ள கரைசல். அதில் புரோமோதைமால் புளூ என்ற சாயத்தைச் சில துளிகள் விட வேண்டும். தொட்டித் தண்ணீருக்கும் இந்தக் கரைசலுக்கும் இடையே காற்று மட்டுமே இருப்பதால், கரியமில வாயு ஒன்றுதான் கடந்து உள்ளே போய்க் கரைசலின் பிஎச் அளவைக் குறைக்கும். வாயு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற அளவை எட்டும்போது 4 டிகிரிக் கரைசலின் பிஎச் 6.6 ஆகும், அதுதான் நாம் எதிர்பார்க்கும் பச்சை. அதே பச்சையை உங்கள் 12 டிகிரித் தண்ணீர் காட்ட வேண்டுமானால், லிட்டருக்கு 90 மில்லிகிராம் வாயு கரைந்தாக வேண்டும். அந்த நிறத்துக்காகக் காத்திருந்தால் தொட்டியில் ஒரு மீனும் மிஞ்சாது.

ஆகவே 4 டிகிரிக் கரைசலை வாங்கி மாற்றுங்கள். நீலம் என்றால் வாயு போதவில்லை, மஞ்சள் என்றால் மிகுந்துவிட்டது. நிறம் மாற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், வால்வைத் தொட்ட அரைமணியில் நிறத்தைப் பார்த்து மறுபடி தொடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை, அதுவும் நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில், சிறிதளவு மட்டும் மாற்றுங்கள். குமிழி எண்ணிக்கையை அடுத்தவர் தொட்டியோடு ஒப்பிடுவதிலும் பயனில்லை. குமிழிகளை எண்ணுவதற்கான பபுள் கவுண்டர் ஒவ்வொன்றிலும் குமிழியின் அளவு வேறு. டிராப் செக்கர் பச்சையாகவே இருந்தாலும் மீன் திணறினால், மீன் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். நம் ஊர்க் கோடையில் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதில் கரையும் ஆக்சிஜனும் குறைந்துவிடுவதால், லிட்டருக்கு 20 மில்லிகிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

வெளிச்சம் இல்லாதபோது செடிகள் வாயுவை எடுத்துக்கொள்ளாது. மாறாக, அவையும் மீன்களைப் போல ஆக்சிஜனைத்தான் எடுக்கும். எனவே மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வை டைமரில் இணைத்து, விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயு திறக்கவும், விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடவும் செய்யுங்கள். வாயு வீணாகிறதே என்று எண்ணி மேற்பரப்பை அசைவின்றி விடுபவர்கள் உண்டு. லேசான சலனம் அவசியம், அதனால் இழக்கும் வாயு அற்பமே.

கேள்வி: சிலிண்டருக்குப் பதிலாக, பாட்டிலில் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலந்து வாயு தயாரிக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: சிறு தொட்டிக்குத் தாராளமாகச் செய்யலாம். 200 கிராம் சமையல் சோடா முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 105 கிராம் கரியமில வாயு கிடைக்கும். சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலக்கும் முறையில் வெயில் நாளில் வாயு பொங்கி வந்து சில நாளில் அடங்கிவிடும். அதைவிட இது கட்டுக்குள் நிற்கும். பாட்டில் மட்டும் குளிர்பானம் வரும் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்கட்டும். கண்ணாடி பாட்டில் அழுத்தத்தில் வெடித்துவிடும். தொட்டித் தண்ணீர் குழாய் வழியே திரும்பி இறங்காதபடி செக் வால்வ் ஒன்றும் வேண்டும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மட்டும் வளர்ப்பவருக்கு இந்தச் செலவே தேவையில்லை. தரையில் படரும் கார்ப்பெட் செடிகளும், சிவப்பு நிறம் ஏறும் ரொட்டாலா வகைகளும்தான் வாயுவை எதிர்பார்ப்பவை.

கேள்வி: சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரில் முள் மாதக்கணக்கில் அசையவே இல்லை, மே மாதத்தில் தானாகவே ஏறியது. மீட்டர் பழுதா? சிலிண்டரைப் படுக்கை அறையில் வைக்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: மீட்டரில் பழுதில்லை. சிலிண்டருக்குள் கரியமில வாயு பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. அந்தத் திரவம் ஒரு சொட்டு மிச்சமிருக்கும் வரை அழுத்தம் வெப்பத்தை ஒட்டியே நிற்கும், இருப்பை ஒட்டி அல்ல. 20 டிகிரி செல்சியஸில் அது ஏறத்தாழ 57 பார். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்து, அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். சென்னையின் மே மாதத்தில் முள் ஏறியதற்குக் காரணம் இதுதான். எனவே இருப்பை அறியச் சிலிண்டரைத் தராசில் வைத்து, அதன் மேல் பொறித்திருக்கும் வெறும் எடையைக் கழித்துப் பாருங்கள். முள் இறங்கத் தொடங்கிவிட்டால் வாயு தீரும் தறுவாயில் இருக்கிறது என்று பொருள். அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றை நிலை ரெகுலேட்டரில் அந்தக் கட்டத்தில் வெளிவரும் அழுத்தம் கூடி, தொட்டிக்குள் வாயு கொட்டக்கூடும் என்பதால் அதற்கு முன்பே நிரப்பிவிட வேண்டும். நிரப்பக் கொடுக்கும்போது, சிலிண்டரின் ஒரு லிட்டர் கொள்ளளவுக்குச் சுமார் 670 கிராமுக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தச் சோதனைத் தேதியும் பொறித்திருக்க வேண்டும்.

படுக்கை அறை வேண்டாம். 2 கிலோ வாயு வெளியேறினால் ஏறத்தாழ 1,100 லிட்டர் இடத்தை அடைக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி உள்ள அறை 28,000 லிட்டர்தான். ஏசிக்காகக் கதவைச் சாத்திய அந்த அறையில் வாயுவின் பங்கு 4 சதவீதத்தை நெருங்கிவிடும். அந்த அளவு மனிதருக்கே ஆபத்து. அதோடு, காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தரையில் பாய் விரித்துப் படுப்பவரைத்தான் முதலில் சூழும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள கூடத்தில், சிலிண்டரைச் சாயாதபடி சுவரோடு சங்கிலி போட்டு நிமிர்த்தி வையுங்கள். ஒவ்வொரு முறை ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டும்போதும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று பாருங்கள். கிளம்பினால் வாஷரை மாற்றிய பிறகே வாயுவைத் திறக்க வேண்டும்.